பரதேசி: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்

தலை வாரப்படாமல், சட்டைப் பொத்தான் இடம் மாறி, காலணியில் சேறு அப்பியவாறு ஒரு பிள்ளை வந்து நின்றால், "என்ன இது, பரதேசிக் கோலம்?" என்று கேட்பது நம் மக்களிடையே பெருவழக்கு. வீட்டில் தாயார் கேட்பார். திருமணப் பந்தலில் அத்தை கேட்பார். விளையாட்டுத் திடலில் தோழர் கேட்பர். கேட்போர் எவரும் இச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்த்துக் கேட்பதில்லை. தூய்மையற்றவன், ஒழுங்கற்றவன், கந்தல் உடுத்தவன் என்னும் கருத்திலேயே 'பரதேசி' என்பது இன்று வழங்குகின்றது. கட்டுரை ஏட்டில் எழுதத் தகாத கொச்சைச் சொல் என்றே நாமும் இதனை ஒதுக்கி விடுகிறோம்.

ஆயினும், மாணவச் செல்வங்களே, ஒரு சொல்லைப் பிறர்மேல் எறிவதற்கு முன், அது எங்கே பிறந்தது, எவ்வழியாக நம் நாவிற்கு வந்தது என அறிந்துகொள்வது கற்பவர்க்கு அழகு. இச்சொல்லை ஆராயப் புகுந்தால் நாம் எதிர்பாராத உண்மை ஒன்று புலனாகும். 'பரதேசி' என்னும் சொல்லில் அழுக்கைக் குறிக்கும் பகுதி ஏதும் இல்லை என்பதே அவ்வுண்மை. பின்னர் அழுக்கு எப்படி அதன்மேல் படிந்தது? அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லின் அமைப்பு

தமிழில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகையாகத் தொல்காப்பியர் பகுத்துக் காட்டினார். 'பரதேசி' இவற்றுள் வடசொல் வகையைச் சார்ந்தது. இதனைப் 'பர' என்றும் 'தேசி' என்றும் பிரிக்கலாம். 'பர' என்றால் பிற, வேறான என்று பொருள். பிறர்க்கு உதவுதலைப் 'பரோபகாரம்' என்கிறோம். அச்சொல்லின் முதலில் நிற்பதும் இந்தப் 'பர' என்பதேயாகும். 'தேசம்' என்பது நாடு. எனவே 'பரதேசம்' என்றால் பிறநாடு. 'பரதேசி' என்றால் பிறநாட்டிலிருந்து வந்தவன். சொல்லின் பிறப்புப் பொருள் இவ்வளவே.

இதற்கு எதிர்ச்சொல்லாக நிற்பது 'சுதேசி'. 'சுதேசி' என்றால் சொந்த நாட்டைச் சேர்ந்தது என்று பொருள். வ.உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தொடங்கிய கப்பல் நிறுவனத்திற்குச் 'சுதேசி' என்றே பெயர் சூட்டியதை வரலாற்றுப் பாடத்தில் பயின்றிருப்பீர்கள். சுதேசி, பரதேசி ஆகிய இரண்டும் ஒரே அடியிலிருந்து பிறந்த சொற்கள். ஒன்றைக் கேட்டவுடன் நமக்குப் பெருமிதம் தோன்றுகிறது. மற்றொன்றைக் கேட்டவுடன் முகம் சுளிக்கிறது. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் அரண்மனைக்கும் மற்றவர் தெருவிற்கும் போனாற்போன்றது இவற்றின் நிலை.

இதே 'தேசம்' கடல் கடந்து மலாய் மொழிக்கும் சென்றுள்ளது. மலாய் மொழியில் 'டேசா' என்றால் சிற்றூர், நாட்டுப்புறம் எனப் பொருள்படும். தாமான் டேசா போன்ற ஊர்ப்பெயர்களில் நாம் நாள்தோறும் காணும் சொல் அதுவே. நாடு என்பது ஊராகச் சுருங்கியிருந்தாலும் சொல்லின் வேர் மாறவில்லை.

பழைய பொருள்

சொற்களின் பழைய பொருளைக் காண்பதற்கு அகராதிகள் துணைபுரியும். 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி போன்ற பழைய நூல்கள், அயல்நாட்டான், வழிப்போக்கன், யாத்திரை செய்வோன், இரந்துண்ணும் துறவி என்னும் பொருள்களையே இச்சொல்லுக்கு உரியவையாகக் கொண்டன. புதுவை வட்டாரத்தில் 'பரதேசி சுவாமிகள்' எனப் பெயர் தாங்கிய துறவியரின் சமாதிகள் இன்றும் வழிபடப்படுகின்றன. மக்கள் கைகூப்பி வணங்கும் ஒருவரின் பெயரில் இழிவு இருத்தல் இயலுமோ? எந்த ஊரையும் தம் ஊரெனக் கொள்ளாது நடந்துகொண்டே இருந்தவர் என்பதே அப்பெயரின் கருத்து.

பிற இந்திய மொழிகளிலும் இச்சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை. நம் நாட்டில் நம்மோடு வாழும் பஞ்சாபியரைக் கேட்டுப் பாருங்கள். அவர்தம் மொழியில் 'பர்தேசி' என்பவன் பிழைப்பு நாடித் தொலைநாடு சென்றவன். கணவனையோ மகனையோ பிரிந்த பெண்கள் பாடும் நாட்டுப்பாடல்களில் இச்சொல் பயின்று வரும். அங்கு அது ஏக்கத்தின் சொல். ஏளனத்தின் சொல் அன்று.

கொச்சியில் ஒரு சான்று

இதற்கு மிகத் தெளிவான சான்று மலையாள நாட்டில் உள்ளது. கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், அரண்மனையை அடுத்து, யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று நிற்கிறது. அது 1568-ஆம் ஆண்டு கட்டப்பெற்றது. அதன் பெயர் 'பரதேசி' தொழுகைக்கூடம். 1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு நாடிழந்தவர்களுள் சிலரும், பிற நாடுகளிலிருந்து வந்த யூதர்களும் கொச்சியை அடைந்தனர். அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவந்த மலபார் யூதர்களிடமிருந்து இவர்களை வேறுபடுத்திக் காட்டவே 'பரதேசி யூதர்' என்னும் பெயர் எழுந்தது. கொச்சி மன்னர் அவர்களுக்கு நிலம் வழங்கினார்.

அத்தொழுகைக்கூடத்தின் தரையில் சீன நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட, கையால் ஓவியம் தீட்டப்பட்ட நீல வெண்ணிற ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1968-இல் அதன் 400-ஆம் ஆண்டு நிறைவு விழா நடைபெற்றபோது, அந்நாளைய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கலந்துகொண்டார். அத்தகைய சிறப்பும் தூய்மையும் வாய்ந்த கட்டடத்தின் பெயர் 'பரதேசி'! தமிழகத்திலிருந்து சென்று மலையாள நாட்டில் குடியேறிய அந்தணரையும் அந்நாட்டார் பரதேசிகள் என்றே வகைப்படுத்தினர். கந்தலுக்கும் இச்சொல்லுக்கும் பிறப்பிலே தொடர்பில்லை என்பது இதனால் வெள்ளிடை மலையென விளங்கும்.

கோலம் வந்த வகை

அவ்வாறாயின் அழுக்கு எங்கிருந்து வந்தது? வழியிலிருந்து வந்தது.

புகைவண்டியும் பேருந்தும் இல்லாத காலத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். காசிக்கும் இராமேசுவரத்திற்கும் கால்நடையாகவே சென்றனர். பகலெல்லாம் புழுதி; இரவில் சத்திரத்துத் திண்ணை. மாற்றுடை ஒன்றிருந்தால் பெரிது. எண்ணெய் காணாத தலைமுடி சடையாகத் திரியும். உடுத்த ஆடை வெயிலிலும் மழையிலும் நைந்து நிறம் மாறும். பல நாள் வழிநடந்து ஓர் ஊருக்குள் நுழையும் மனிதன் எந்தக் கோலத்தில் இருப்பான்? ஊரார் அவனுடைய பயணத்தைக் கண்டதில்லை. அவன் விட்டுவந்த வீட்டையும் அறியார். அவர்கள் கண்டதெல்லாம் வாயிலில் நிற்கும் அவனது கோலத்தை மட்டுமே. 'பரதேசி வந்திருக்கிறான்' என்றனர். நாளடைவில் அவன் வந்த தொலைவு மறந்துபோயிற்று. கோலம் மட்டும் நினைவில் நின்றது. முடிவில், எங்கும் செல்லாமல் சொந்த வீட்டிலேயே தலைவாராமல் இருப்பவனையும் 'பரதேசி' என அழைக்கலாயினர்.

உயர்ந்த அல்லது பொதுவான பொருளை உடைய சொல் காலப்போக்கில் தாழ்ந்த பொருளைப் பெறுவதை மொழிநூலார் 'இழிபொருட்பேறு' என்பர். இதற்கு நாம் வகுப்பில் எடுத்துக்காட்டும் சொல் 'நாற்றம்'. பண்டை நாளில் நாற்றம் என்றால் மணம். பூவின் நறுமணத்திற்கும் அதுவே பெயர். இன்று அச்சொல் தீய வாடையை மட்டுமே குறிக்கிறது. பூ மாறவில்லை, மூக்கும் மாறவில்லை, வழக்கு மாறியது. 'பரதேசி' அடைந்ததும் இந்த இழிபொருட்பேறே.

விருந்தும் பரதேசியும்

இவ்விடத்தில் மற்றொரு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் நலம். நாம் போற்றும் சொற்களுள் ஒன்று 'விருந்து'. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே விருந்தோம்பலுக்கு ஒதுக்கினார். விருந்து என்றால் வடையும் பாயசமும் என்று இன்று நினைக்கிறோம். அதன் அடிப்படைப் பொருளோ 'புதுமை' என்பதாகும். புதிய முறையில் யாக்கப்படும் நூலைத் தொல்காப்பியம் 'விருந்து' என்னும் பெயரால் குறிக்கின்றது. ஆகவே விருந்தினர் என்பவர் முன்பின் அறியாத புதியவர். அவருக்கு இடும் உணவுக்குப் பின்னர் அப்பெயர் ஆகி வந்தது.

இப்பொழுது சற்றே சிந்தியுங்கள். முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் நிற்கிறார். 'புதியவர்' என்று கண்டால் அவர் விருந்து. 'பிறநாட்டார்' என்று கண்டால் அவர் பரதேசி. நிற்பவர் ஒருவரே. கால் கழுவ நீர் கொடுத்து உள்ளே அழைத்த வீட்டில் அவர் விருந்தினரானார்; கதவை அடைத்த வீட்டில் பரதேசியானார். இரு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு வந்தவரின் ஆடையில் இல்லை. வீட்டாரின் உள்ளத்தில் உள்ளது.

உடன்பிறவாத் தோழர்கள்

தூய்மையற்றவரைக் குறிக்க நாம் வழங்கும் வேறு சில சொற்களும் இவ்வாறே உயரத்திலிருந்து இறங்கியவை.

'ஆண்டி' என்பது உலகப் பற்றை விட்ட சிவனடியாரைக் குறித்த சொல். பழனியில் முருகப்பெருமான் ஆண்டிக் கோலத்தில் காட்சி தருகிறார். பிள்ளைகளுக்குப் பழனியாண்டி எனப் பெயரிட்டு மகிழும் நாமே, உடை கலைந்தவனைப் பார்த்து 'ஆண்டி' என நகைக்கிறோம்.

'பண்டாரம்' என்பது இன்னும் வியப்புக்குரியது. அச்சொல்லுக்குக் கருவூலம், செல்வம் சேர்த்து வைக்கும் அறை என்பதே முதற்பொருள். பின்னர் அது சைவத் துறவியரையும் கோயில் தொண்டரையும் குறிக்கலாயிற்று. சைவத் திருமடங்களின் தலைவர்களைப் 'பண்டார சந்நிதிகள்' எனச் சிறப்பித்தனர். திருவாவடுதுறை ஆதீனத்தார் இயற்றிய சைவ நூல்களுக்குப் 'பண்டார சாத்திரம்' எனப் பெயர். இன்றோ தாடி மழிக்காதவனைப் 'பண்டாரம்' என்கிறோம். இதே வேரிலிருந்து மலாய் மொழி 'பெண்டஹாரா' என்னும் சொல்லைப் பெற்றது. மலாக்கா அரசில் மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த முதலமைச்சரின் பதவிப் பெயர் அது. 1456 முதல் 1498 வரை அப்பதவியை வகித்த துன் பேராக் அவர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மலாய்ப் பாடவேளையில் நீங்கள் எழுதும் 'பெர்பெண்டஹாராஅன் காத்தா', அஃதாவது சொல்வளம் என்பதிலும் அந்தப் பண்டாரமே உள்ளது. நம் திருமண வீடுகளில் பெருஞ்சமையல் செய்யும் 'பண்டாரி'யும் அச்சொற்குடும்பத்தைச் சேர்ந்தவரே. பண்டசாலையைக் காப்பவர் என்னும் பொருளிலிருந்து அப்பெயர் அவருக்கு வந்தது.

சென்னை நகரத்துப் பேச்சு வழக்கில் 'கஸ்மாலம்' என்றொரு வசைச்சொல் உண்டு. அதன் வடமொழி மூலத்திற்கு அழுக்கு என்னும் பொருளோடு மனச்சோர்வு என்னும் பொருளும் உண்டு. போர்க்களத்தில் அருச்சுனனைப் பற்றிய மனத்தளர்ச்சியைக் குறிக்கப் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அச்சொல் வருகிறது. ஒரு பெருவீரனுடைய துயரைச் சுட்டிய சொல், தெருச்சண்டையில் வசையாயிற்று.

துறவி, அடியார், வழிப்போக்கர், சோர்ந்தவர் ஆகியோரின் பெயர்களே அழுக்கின் பெயர்களாக மாறியிருப்பதைக் காண்கிறீர்கள். தம் உடம்பைப் பேண நேரமோ, இடமோ, மனமோ இல்லாத நிலையில் இருந்தவர்களைப் பார்த்தே ஊரார் இச்சொற்களைக் கற்றனர்.

பஞ்சப் பரதேசி

'பரதேசி' என்பதைவிடச் சுடுமொழி ஒன்று உண்டு. 'பஞ்சப் பரதேசி' என்பது அது. ஊரில் பஞ்சம் வந்து, பிழைக்க வழியின்றி, வேற்றிடம் தேடிச் சென்றவன் என்பதே இதன் நேர்ப்பொருள். இச்சொற்றொடருக்கு நம் நாட்டு வரலாற்றோடு நெருங்கிய உறவு உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாநிலத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் அதனை நினைவில் வைத்தனர். பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தாலும், அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த வறட்சியாலும், கடன் சுமையாலும், சாதிக் கொடுமையாலும் ஊரைவிட்டுப் புறப்பட்டோர் இலங்கைக்கும் பர்மாவிற்கும் மொரிசியசுக்கும் மலாயாவிற்கும் சென்றனர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். மலாயாவிற்கான அம்முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள்சேர்த்து வந்தனர். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட நிதியிலிருந்து வருவோரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு இவ்வகை ஆள்சேர்ப்பைத் தடைசெய்தது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்தனர். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பலின் பெயரை உங்கள் பாட்டிமார் சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். கரையை அடைந்தவுடன் வீடு சென்றார்களோ எனில், இல்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் நோய்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். அதன் பின்னரே தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். கையில் ஒரு மூட்டை; உடம்பில் கப்பலின் உப்பு; கண்ணில் தெரியாத காடு. மாணவர்களே, அவர்கள் எந்தக் கோலத்தில் வந்து இறங்கியிருப்பர்? சொல்லின் நேர்ப்பொருளிலும் அவர்கள் பரதேசிகள். வழக்குப் பொருளிலும் பரதேசிகள். அவர்களே நம் பாட்டன்மார், நம் பாட்டிமார்.

அவர்கள் நட்ட பால்மரங்கள் இந்நாட்டிற்கு வளம் சேர்த்தன. 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் எனக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அச்சட்டமே. நாம் அமர்ந்து படிக்கும் வகுப்பறைகளின் அடித்தளம் பரதேசிகளின் பிள்ளைகளுக்காக இடப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. பலர் குடியுரிமை பெற்றனர். எழுத்தறியாமையாலும், உரிய ஆவணம் இன்மையாலும், அலட்சியத்தாலும் அதனைப் பெறாது விட்டவரும் இருந்தனர். 1968-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருத்தல் வேண்டும் என்றாயிற்று. அது நடைமுறைக்கு வந்தபோது, வாழ்நாள் முழுதும் இம்மண்ணில் உழைத்தவர் பலர், தாம் சட்டத்தின் கண்ணில் இன்னும் அயல்நாட்டாரே என அறிந்து திகைத்தனர். பல குடும்பங்கள் மூட்டை கட்டித் தமிழகத்திற்குத் திரும்பின. தூய வெள்ளை வேட்டி உடுத்திக் கப்பலேறிய முதியவரும் அன்று பரதேசியே. இச்சொல்லின் உண்மையான வலி எதுவென்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

2013-இல் இயக்குநர் பாலா தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரை வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். தானியேல் 1969-இல் எழுதிய ஆங்கிலப் புதினம் அதற்கு அடிப்படை. அப்படத்திற்குப் 'பரதேசி' என்றே பெயர் வைத்தார். ஊரைவிட்டு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்ப இயலாதவர் என்னும் பழைய பொருள் அப்பெயரில் மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

அழுக்கு வேறு, அயல் வேறு

இவ்வளவும் கூறியதால் தூய்மை வேண்டுவதில்லை என நாம் கூறுவதாக எவரும் எண்ணற்க. நகம் வெட்டுதல், தலை வாருதல், உடையைத் துவைத்து அணிதல் ஆகியவை மாணவர்க்கு இன்றியமையாதவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி நம் முன்னோர் வறுமையிலும் தூய்மையைக் கைவிடவில்லை என்பதற்குச் சான்று. திங்கட்கிழமைதோறும் சபைகூடலில் நகங்களைப் பார்வையிடும் வழக்கத்தை நாம் கைவிடப் போவதில்லை.

நாம் கூற வருவது வேறு. 'உன் சட்டை அழுக்காக இருக்கிறது' என்று தோழனிடம் சொல்வது திருத்தம். அழுக்கைத் துவைத்தால் போய்விடும். 'நீ பரதேசி' என்று சொல்வதோ திருத்தம் அன்று. 'நீ எங்களவன் அல்லன், உனக்கு இங்கே இடமில்லை' என்பதே அச்சொல்லின் உள்ளுறை. அதனை எந்தச் சவர்க்காரத்தாலும் துவைக்க இயலாது.

நம் பள்ளி போன்ற பள்ளிகளில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தோட்டங்கள் பல விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. லயத்தைக் காலிசெய்த குடும்பங்கள் ஆண்டின் நடுவே இடம்பெயர்கின்றன. அத்தகைய வீட்டுப் பிள்ளை புதிய பள்ளிக்கு வரும்போது சீருடை வேறாக இருக்கலாம், காலணி கிழிந்திருக்கலாம், புத்தகங்கள் இன்னும் மூட்டையிலேயே இருக்கலாம். தாயார் விடியுமுன் வேலைக்குச் சென்றிருப்பார். தங்கைக்குச் சடை பின்னிவிட்டுத் தன் தலையை வார மறந்து ஓடிவந்திருப்பான். பால் வெட்டும் வீடுகளில் துணிமீது காய்ந்த பாற்கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்பது தோட்டத்தில் வளர்ந்தோர் யாவரும் அறிந்ததே. அந்தப் பிள்ளையைப் பார்த்து 'பரதேசி' என ஒருவன் கூறினால், அவன் அறியாமலே உண்மையைக் கூறிவிடுகிறான். ஆம், அவன் வேற்றிடத்திலிருந்து வந்தவன்தான். வழியின் புழுதி இன்னும் அவன்மேல் இருக்கிறது. கூறியவனின் பாட்டனும் அவ்வாறு வந்தவரே என்பதுதான் அவன் அறியாதது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பர். வசை கேட்ட பிள்ளை அன்று மாலையே சட்டையைத் துவைத்துக்கொள்ளக்கூடும். ஆனால் மறுநாள் பள்ளிக்கு வரக் கால் எழாது. பள்ளிக்கு வராத ஒரு நாள் இரண்டாகும், இரண்டு பத்தாகும். ஓட்டைக் குடத்தில் நீர் குறைவதுபோல் பெயர்ப்பட்டியலில் பெயர் குறைவதை நம் பள்ளிகள் கண்டிருக்கின்றன. அதற்கு வறுமை ஒரு காரணம். நம் நாவும் ஒரு காரணமாதல் கூடாது.

சொற்களுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதை இக்கட்டுரையில் கண்டோம். இறங்கிய சொல்லை முழுவதும் ஏற்றிவிட நம்மால் இயலாது போகலாம், வழக்கு பெரிது. ஆனால் ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து, சீப்பைக் கொடுத்து, நூலும் ஊசியும் தேடித் தந்து, புத்தகத்தைப் பகிர்ந்துகொள்ள நம்மால் இயலும். அவ்வாறு செய்யும் கணத்தில், வாயிலில் நின்ற பரதேசி விருந்தாகிறான். சொல்லின் பொருளை மாற்றுவது அகராதி அன்று; நாம் திறக்கும் கதவே ஆகும்.

பயிற்சி

1. சுதேசி, பரதேசி, பரோபகாரம் ஆகிய சொற்களைப் பிரித்துப் பொருள் எழுதுக.

2. பண்டாரம், பெண்டஹாரா ஆகிய சொற்களுக்கிடையேயுள்ள உறவை ஐந்து வாக்கியங்களில் விளக்குக.

3. பழைய பொருள் மாறி இழிந்த பொருள் பெற்ற வேறு சொல் ஒன்றைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டு அறிந்து எழுதுக.

4. உங்கள் குடும்பத்தில் இந்நாட்டிற்கு முதன்முதலாக வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? கையில் என்ன கொண்டுவந்தார்? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருக. பெரியோர் சொல்லும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுக.